ஆர்ச்சஸ் கொத்தின் நட்சத்திரங்களைப் பின்னணிக் கூட்டத்திலிருந்து பிரிப்பது எப்படி? மற்ற இளங்கொத்துகள் எங்கே?

#1 நாள்மீன்

எல்லாருக்கும் வணக்கம். பால்வீதி நடுவிலுள்ள கருந்துளை சஜிடேரியஸ் ஏ*-யிலிருந்து, வானில் தெரியும் இடைவெளியை மட்டும் கணக்கிட்டால் 25–30 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தள்ளி ஆர்ச்சஸ், குயின்டப்லெட் என்று இரண்டு இளம் நட்சத்திரக் கொத்துகள் இருக்கின்றன. இரண்டும் 10,000 சூரிய நிறை அளவிலானவை.

விஎல்டி தொலைநோக்கியின் ஹாக்-ஐ அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த கேலக்டிக்நியூக்ளியஸ் என்ற மையப் பகுதி நட்சத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆர்ச்சஸ் நடுவில் 30 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வட்டம் போட்டு, எச்–கே நிறம் (1.6 மைக்ரான் எச் பட்டைக்கும் 2.2 மைக்ரான் கே பட்டைக்கும் உள்ள பொலிவெண் வித்தியாசம்) 1.5 முதல் 2.2 வரை வெட்டினால், பிரகாசமான பக்கத்தில் கொத்து பளிச்சென்று தெரிகிறது. கே பொலிவெண் 15-க்கு மேல் மங்கப் போனால் (எண் கூடக் கூட மங்கல்) பக்கத்து வெற்றுப் பகுதியில் வரும் அதே கூட்டம்தான் இங்கேயும். இரண்டு கேள்விகள்:

1. மங்கலான உறுப்பினர்களை எப்படிப் பிரிப்பது?
2. மையப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 0.1 சூரிய நிறை நட்சத்திரமாகிறது என்கிறார்கள். ஒரு கோடி ஆண்டுக்கு 10 லட்சம் சூரிய நிறை. இந்த இரண்டு கொத்தும் கருந்துளையைச் சுற்றி நடுவிலுள்ள இளம் நட்சத்திரக் கூட்டமும் சேர்ந்தாலும் அதில் சின்னப் பங்குதான். மிச்சம் எங்கே?

#2 கருமுகில்

முதல் கேள்விக்கு. உங்கள் வெட்டு 15-இல் தோற்பது தற்செயல் இல்லை.

தூரம் 8.2 கிலோபார்செக் என்றால் தூர எண் (தூரத்தால் கூடும் பொலிவெண்) 14.57. கே பட்டையில் தூசி மறைப்பு 2.5 என்று வையுங்கள். ரெட் கிளம்ப் நட்சத்திரத்தின் (ஹீலியம் எரிக்கும் வீங்கிய முதிய நட்சத்திரம்) சொந்தப் பொலிவெண் –1.6. கூட்டினால் 15.5. இப்போது 10 சூரிய நிறைக்குக் கொஞ்சம் குறைவான, சூடான ஒரு பி வகை நட்சத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், அதுவும் அங்கேயே வந்து விழும். மையப் பகுதியில் எங்கே திரும்பினாலும் ரெட் கிளம்ப்தான். பல நூறு கோடி வயதான அந்தக் கூட்டத்துக்குள்ளே உங்கள் 30 லட்சம் வயதுக் குழந்தை ஒளிந்துகொள்கிறது.

"நிறம் வேறாக இருக்குமே" என்று தோன்றும். சூடான நட்சத்திரத்தின் சொந்த எச்–கே பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, ரெட் கிளம்ப் 0.1-ஐ ஒட்டி. வித்தியாசம் 0.2 கூடத் தேறாது. தூசியோ ஒரு சில விகலைக்குள் கே-யில் 0.5 மாறிவிடும். அந்த 0.5 எச்–கே-யில் 0.35 அளவுக்கு வந்து நிற்கும். சமிக்ஞையை விட இரைச்சல் பெரிது.

மேல் பக்கத்தில் பிழைத்தது ஏன் என்றால், அவற்றைவிடச் சூடான, கனமான ஓ வகை நட்சத்திரங்கள் கே 12-ஐச் சுற்றி நிற்கும். அந்த இடத்தில் போட்டிக்குச் சில பெருமீன்கள்தான் (வீங்கிய முதிய நட்சத்திரங்கள்). ஆனால் அங்கே வேறு ஆபத்து உண்டு: ஹாக்-ஐ படங்களில் 11-ஐ நெருங்கும்போதே கே பட்டை நிரம்பி வழிய ஆரம்பிக்கும். ஆர்ச்சஸின் மிகப் பெரிய வுல்ஃப்-ராயே நட்சத்திரங்கள் (தங்கள் வாயுவைப் பலத்த காற்றாக வீசும் கனமான நட்சத்திரங்கள்) சரியாக அந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் கே மதிப்பை அப்படியே நம்பாதீர்கள்.

#3 விகலை

கருமுகில் சொன்னதோடு ஒன்று. மறைப்பு விதி (நிறத்திலிருந்து தூசி மறைப்பைக் கணக்கிடும் விதி) எதை எடுக்கிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். பழைய ரீகி–லெபோஃப்ஸ்கி (1985) விதிப்படி கே மறைப்பு = 1.78 × நிறமிகை (தூசியால் எச்–கே கூடிய அளவு). மையப் பகுதிக்காகவே அளந்த நிஷியாமா (2006) விதிப்படி 1.44 × நிறமிகை. நிறமிகை 1.9 என்றால் முதலாவது 3.38 தரும், இரண்டாவது 2.74. இடைவெளி 0.64, அதாவது அதே நட்சத்திரம் 1.8 மடங்கு பிரகாசமாகிவிடும். நிறை, வயது, கொத்தின் மொத்த நிறை எல்லாம் அதோடு நகரும். இரண்டு கட்டுரைகளின் நிறைகளை ஒப்பிடும் முன் இருவரும் ஒரே விதியைப் பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

#4 தென்திசை

கையா விண்கலத்தின் தரவில் தன்னியக்கம் (நட்சத்திரம் வானில் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்பது) இருக்கிறதே, அதை எடுத்துப் பிரித்தால் ஆகாதா? இன்னொன்று, 1 மைக்ரான் வரை பார்க்கும் சாதாரண வானியல் கேமராவில் ஐஆர் வடிகட்டி போட்டு இந்தக் கொத்துகளைப் பிடிக்க முடியுமா?

#5 விகலை

இரண்டுக்கும் பதில் தூசிதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மறைப்பு சுமார் 30 பொலிவெண். ஒரு லட்சம் கோடி ஒளித்துகள் கிளம்பினால் ஒன்று வரும். கையா அந்த அலைநீளத்தில் பார்க்கிறது. அந்தத் திசையில் கையா காட்டுவதில் ஏறக்குறைய எல்லாமே நமக்கும் மையத்துக்கும் இடையில் உள்ளவை.

1 மைக்ரானில் மறைப்பு 13-ஐ ஒட்டி இருக்கும். ஆர்ச்சஸின் ஓ வகை நட்சத்திரம் ஒன்று அங்கே 22-க்கும் மங்கல். சிலிக்கான் சில்லு அங்கே கிட்டத்தட்டக் குருடு. முடியாது தென்திசை. 1.6, 2.2 மைக்ரான் வேண்டும், அதற்கு வேறு உணரி வேண்டும். இந்தக் கொத்துகள் 1980-களின் கடைசியிலும் 90-களிலும்தான் வெளிப்பட்டன என்பதற்கு இதுவே காரணம். அகச்சிவப்புக் கேமராக்கள் தேறிய பிறகுதான் ஆர்ச்சஸ் கொத்தாகப் பிரிந்து தெரிந்தது.

கையா முழுக்க வீண் என்று சொல்ல வரவில்லை. முன்னாலுள்ள அந்த நட்சத்திரங்களை ஹபிள் படத்திலும் அடையாளம் கண்டு, ஹபிள் அளவைக் கையா சட்டகத்தில் கட்டலாம். கொத்தின் மொத்த ஓட்டத்தை அளக்க அதுதான் வழி.

#6 கருமுகில்

தன்னியக்கம்தான் சரியான கருவி. செய்முறையைச் சொல்கிறேன்.

8.2 கிலோபார்செக்கில் ஆண்டுக்கு 1 மில்லி விகலை = 38.9 கிமீ/வினாடி. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்கும் இதில்தான். பின்னணி நட்சத்திரங்களின் வேகச் சிதறல் 100 கிமீ/வி அளவு, அதாவது 2.6 மில்லி விகலை. ஆர்ச்சஸ் உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று 5 கிமீ/வி அளவில்தான் அசைகின்றன, 0.13 மில்லி விகலை. தன்னியக்க வரைபடத்தில் பின்னணி ஒரு பெரிய மேகம், கொத்து அதன் மேல் ஒரு குண்டூசித் தலை.

அந்தத் தலை பின்னணியின் நடுவில் விழாமல் தள்ளி விழுவது நம் அதிர்ஷ்டம். ஆர்ச்சஸ் பின்னணியோடு ஒப்பிட்டால் 172 கிமீ/வி (கிளார்க்சன் குழு, 2012), 4.4 மில்லி விகலை.

வேண்டியவை: ஒரே கருவி, ஒரே வடிகட்டி, ஒரே கோணம், குறைந்தது மூன்று காலங்கள். ஹபிளின் டபிள்யூஎஃப்சி3 அகச்சிவப்புப் பிரிவு 2010, 2011, 2012-இல் ஆர்ச்சஸை எடுத்திருக்கிறது. ஹபிள் தரவுகள் இருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் எஃப்153எம் வடிகட்டிப் படங்களை எடுங்கள். சேர்த்து ஒட்டிய படத்தை எடுக்க வேண்டாம், ஒவ்வொரு எடுப்புக்குமான தனித்தனி எஃப்எல்டி கோப்புகளே வேண்டும். ஒட்டும்போது பிக்சல் மதிப்புகள் பகிரப்பட்டு இடம் கெட்டுவிடும்.

அந்தக் கேமராவின் பிக்சல் 0.13 விகலை. 1.5 மைக்ரானில் நட்சத்திரப் பிம்பமும் அதைவிடக் கொஞ்சம்தான் அகலம். பிம்பம் பிக்சலின் நடுவில் விழுந்ததா ஓரத்தில் விழுந்ததா என்பதைப் பொறுத்து நீங்கள் அளக்கும் இடம் தள்ளிப்போகும். சும்மா காசியன் (மணி வடிவ வளைவு) பொருத்தினால் இந்தப் பிழையே உங்கள் தன்னியக்கத்தை விழுங்கிவிடும். கேமராவைச் சற்றுச் சற்று நகர்த்தி எடுத்த பல படங்களிலிருந்து கட்டிய பிஎஸ்எஃப் (ஒரு நட்சத்திரப் புள்ளியின் பிம்ப வடிவம்) மாதிரிதான் வேண்டும். அது சரியாக இருந்தால் ஒரு படத்தில் நூறில் ஒரு பிக்சல், 1.3 மில்லி விகலை. 20 படங்களுக்கு 0.3. இரண்டு ஆண்டு இடைவெளியில் உறுப்பினரைப் பிரிக்க அது தாராளம்.

பிறகு கடின வெட்டு போடாதீர்கள். கொத்துக்கு ஒரு காசியன், பின்னணிக்கு மூன்று நான்கு காசியன் பொருத்தி, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் உறுப்பினர் நிகழ்தகவு போடுங்கள். எண்ணும்போது அந்த நிகழ்தகவையே கூட்டுங்கள். பின்னணிக்கு ஒற்றைக் காசியன் போதாது, அதில் மையத் தட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

#7 இருமுனை

கெக் தொலைநோக்கியின் தகவமைப்பு ஒளியியல் (காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் முறை) படங்களை எடுக்க நினைப்பவர்களுக்கு: பிக்சல் 10 மில்லி விகலை, பிம்பம் 0.05 விகலை, நெரிசலான நடுப்பகுதிக்கு ஹபிளை விட மேல். ஆனால் பார்வைப் புலம் 10 விகலைதான், கொத்தின் குறுக்கே 0.4 பார்செக். வழிகாட்டி நட்சத்திரத்திலிருந்து விலகினால் பிம்பம் நீண்டு கோணலாகும். ஒரே பிஎஸ்எஃப்-ஐப் புலம் முழுக்கப் போட்டால் பெரிய நட்சத்திரங்களின் விளிம்பு வளையத்தில் உள்ள புடைப்புகள் எல்லாம் தனி நட்சத்திரங்களாகப் பட்டியலில் ஏறும். எச், கே இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வளையப் புடைப்பு அலைநீளத்தோடு வெளியே நகரும், நட்சத்திரம் நகராது.

இரட்டை நட்சத்திரங்களையும் மறக்க வேண்டாம். பெரும் நிறை நட்சத்திரங்களில் தனியாக இருப்பதே அபூர்வம். நெருங்கிய இரட்டைகள் ஆரத்திசை வேகத்தைப் பல பத்து கிமீ ஆட்டிவிடும். உள்வேகச் சிதறலை ஒரே ஒரு நிறமாலையிலிருந்து எடுத்தால் கொத்தின் நிறை மடங்குகளில் வீங்கும்.

#8 நாள்மீன்

நன்றி. நிகழ்தகவு போட்டு எண்ணிக்கை எடுத்த பிறகு நிறைப் பரவலின் சாய்வு (எண் குறைந்தால் கனமானவை அதிகம்) 1.8 என்று ஒரு கட்டுரை, இன்னொன்றில் வழக்கமான சால்பீட்டர் மதிப்பான 2.35-ஐ ஒட்டி. எதை எடுப்பது?

#9 கருமுகில்

எவ்வளவு பெரிய வட்டம் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள். ஹபீபி குழு 2013-இல் ஆர்ச்சஸை மூன்று வளையமாக வெட்டியது. நடு 0.2 பார்செக்குக்குள் சாய்வு 1.5. 0.2–0.4-இல் 2.2. 0.4–1.5-இல் 3.2. ஒரே கொத்து, மூன்று விடை. கனமானவை உள்ளே இறங்கிவிட்டன, லேசானவை வெளியே போய்விட்டன. 5 கிமீ/வி வேகத்தில் ஒரு பார்செக் கடக்க 2 லட்சம் ஆண்டு. 30 லட்சம் வயதுக்குள் பலமுறை ஒன்றையொன்று உரசிக் கலைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவை மட்டும் எடுத்துவிட்டு "இங்கே பெரிய நட்சத்திரங்கள்தான் பிறக்கின்றன" என்றால் தவறு.

ஹோசெக் குழு (2019) வெளிவரை போய், தன்னியக்க உறுப்பினர்களை வைத்தே, 1.8 சூரிய நிறைக்கு மேல் சாய்வு 1.80 என்று எடுத்தது. அதை லேசாகத் தள்ள முடியாது. என்ன வித்தியாசம் என்று எண்ணிக்கையில் பாருங்கள். 2 முதல் 20 சூரிய நிறை வரை 100 நட்சத்திரம் இருந்தால், 20-க்கு மேல் (150 வரை) 2.35 சாய்வுக்கு 4 வரும். 1.8-க்கு 15 வரும். கொத்து வெளிவிடும் புறஊதா ஒளி, பிறகு வெடிக்கப்போகும் சூப்பர்நோவாக்கள் எல்லாமே அந்த அளவுக்கு மாறும்.

என் கருத்து, இயல்பை விடக் கனமான பக்கம் சாய்ந்த பரவல் என்பதே வலுவாக நிற்கிறது. நடுவிலுள்ள இளங்கூட்டத்துக்கும் 1.7 என்றே வருகிறது (லூ குழு, 2013).

#10 இருமுனை

கருமுகில், அந்த முடிவில் நான் இன்னும் தயங்குகிறேன். 2 சூரிய நிறை நட்சத்திரம் நெரிசலான நடுவில் எவ்வளவு தொலைகிறது என்ற திருத்தம்தான் சாய்வைத் தீர்மானிக்கிறது. நாள்மீன், இதை நீங்களே சோதிக்கலாம். படத்தில் போலி நட்சத்திரங்களைத் தூவி, அதே மென்பொருளை ஓட்டி எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று எண்ணுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்: ஒரே தடவையில் நிறையத் தூவினால் நீங்களே புது நெரிசலை உண்டாக்குகிறீர்கள். இருப்பதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போடாமல், பல தடவை ஓட்டுங்கள். சீராகத் தூவினால் நடுவுக்குப் போதுமான புள்ளிகள் வராது, கொத்தின் அடர்த்தியைப் பின்பற்றித் தூவுங்கள். ஒரு பட்டையில் மட்டும் போடாதீர்கள். எச், கே இரண்டிலும், எல்லாக் காலங்களிலும், தன்னியக்கத்தோடு நகர்த்திப் போட வேண்டும். உங்கள் கடைசிப் பட்டியலில் ஒரு நட்சத்திரம் வர அது எல்லாப் படிகளையும் தாண்டியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பக் கிடைப்பது 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் பொலிவெண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே திருத்திப் பெருக்குவது இல்லாததை எழுதுவதுதான். அந்த எல்லை நடுவில் ஒரு பொலிவெண், ஓரத்தில் இன்னொரு பொலிவெண்.

#11 கருமுகில்

அதை ஒப்புக்கொள்கிறேன். மேல் எல்லையிலும் இதே கவனம் வேண்டும். ஃபைகர் 2005-இல் ஆர்ச்சஸை வைத்து, நட்சத்திரத்தின் உச்ச நிறை சுமார் 150 சூரிய நிறை என்றார். கொத்து மிகவும் இளையது, மேலே இருந்தவை இன்னும் சாகவில்லை என்பது அந்த வாதத்தின் ஆணிவேர். வயது 25 லட்சத்துக்கு மேல் போனால் மிகக் கனமானவை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும், எல்லை என்று தெரிவது வெறும் வயதாகிவிடும். 2010-இல் பெரிய மெகெல்லன் மேகத்தின் ஆர்136 கொத்தில் 150-ஐத் தாண்டியவற்றை அறிவித்த பிறகு அந்த எல்லையை யாரும் கல்வெட்டாக எடுப்பதில்லை.

#12 தென்திசை

குயின்டப்லெட்டை எல்லாரும் விட்டுவிட்டீர்களே. அதிலுள்ள ஐந்து பிரகாசப் புள்ளிகள் என்ன?

#13 விகலை

பெயரே அந்த ஐந்தால்தான். நீண்ட காலம் யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் நிறமாலை வழவழவென்று ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. சூடான நட்சத்திரம் என்றால் 2.166 மைக்ரானில் ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா கோடு, 2.189-இல் ஹீலியம் தெரிய வேண்டும். குளிர்ந்த பெருமீன் என்றால் 2.29-இல் கார்பன் மோனாக்சைடு பட்டை வெட்டியது போல் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை.

2006-இல் கெக் படங்களில் அவற்றில் இரண்டு சுருளாகப் பிரிந்தன. கார்பன் நிறைந்த வுல்ஃப்-ராயே நட்சத்திரமும் ஒரு சூடான துணையும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இரண்டின் காற்றும் மோதும் இடத்தில் வாயு நசுங்கி, ஆறி, கரித்தூசியாகிறது. மோதுமிடம் சுற்றிக்கொண்டே போவதால் தூசி மத்தாப்பு சுழற்றியது போல் சுருள் சுருளாக வெளியே போகிறது. கே பட்டையில் நாம் பார்ப்பது அந்தத் தூசியின் வெப்பம், நட்சத்திரத்தின் கோடுகள் அதில் அமிழ்ந்துவிட்டன.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். இந்த ஐந்தின் கே பொலிவை வைத்து நிறை கணக்கிடவே கூடாது, தூசியின் பொலிவு அது. அப்புறம், கார்பன் வகை வுல்ஃப்-ராயே குயின்டப்லெட்டில் இருக்கிறது, ஆர்ச்சஸில் இல்லை. குயின்டப்லெட் மூத்தது என்பதற்கு, மறைப்பு விதி எதுவானாலும் மாறாத சான்று அதுதான்.

குயின்டப்லெட் பக்கம் நிறமாலை எடுத்தால் வானப் பின்னணியை எங்கிருந்து கழிக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கொத்தின் புறஊதாதான் பக்கத்து அரிவாள் வடிவ வாயுவை, ரேடியோவில் சிக்கிள் என்பதை, ஒளிர வைக்கிறது. அதன் பிராக்கெட் காமா ஒளியைக் கழித்தால் உங்கள் நட்சத்திரத்தில் இல்லாத உறிஞ்சு கோடு முளைக்கும்.

#14 கருமுகில்

நாள்மீனின் இரண்டாவது கேள்வி. மிச்சக் கொத்துகள் இருந்தன, கரைந்துவிட்டன. கரைவதைக் கணக்கில் பார்க்கலாம்.

கொத்தின் ஓத எல்லை (மையத்தின் ஈர்ப்பு நட்சத்திரங்களைப் பிடுங்கத் தொடங்கும் இடம்) = மையத்திலிருந்து தூரம் × (கொத்தின் நிறை ÷ உள்ளடங்கிய நிறையின் இரு மடங்கு) என்பதன் கனமூலம். கொத்துக்கு 20,000 சூரிய நிறை என்று வையுங்கள். 30 பார்செக்குக்குள் சுமார் 10 கோடி சூரிய நிறை என்றால் எல்லை 1.4 பார்செக். 100 பார்செக்கில், உள்ளே 60 கோடி என்றால், 2.5 பார்செக். அதற்கு வெளியே போன நட்சத்திரம் கொத்துக்குத் திரும்பாது. உள்ளே உரசல் நட்சத்திரங்களை வெளியே தள்ள, வெளியே ஓதவிசை பிடுங்க, இந்த அளவுக் கொத்து ஒரு கோடி ஆண்டு அளவில் பின்னணியோடு கலந்துவிடும்.

ஆர்ச்சஸின் அடர்த்தி 2.8 பார்செக் வரை ஓரம் வெட்டப்படாமல் தொடர்ந்து இறங்குகிறது (ஹோசெக், 2015). வானில் தெரியும் 30 பார்செக்கே உண்மையான தூரமாக இருந்தால் இது இடிக்கும். பார்வைத் திசையில் இன்னும் தள்ளி இருக்கிறது என்றால் பொருந்துகிறது. நீங்கள் முதல் பதிவில் "வானில் தெரியும் இடைவெளி" என்று கவனமாக எழுதியது நல்லது. நிறையப் பேர் அதை உண்மைத் தூரமாக எடுத்துக்கொண்டு ஓத எல்லை போடுகிறார்கள்.

#15 இருமுனை

கரைந்தவற்றின் தடயத்தையும் சொல்லிவிடலாம். 2008-இல் ஹபிளின் நிக்மாஸ் கேமரா 1.87 மைக்ரானில், ஹைட்ரஜனின் பாஸ்கென் ஆல்ஃபா கோட்டில், மையப் பகுதியை முழுக்க வருடியது. எந்தக் கொத்திலும் சேராத பெரும் நிறை நட்சத்திரங்கள் அங்கங்கே தென்பட்டன. அவற்றில் ஒரு பெரும் பங்கு இந்த இரண்டு கொத்துகளின் ஓத வால்களாக (ஓதவிசை பிடுங்கிய நட்சத்திரங்களின் நீண்ட தடமாக) இருக்கலாம் என்று ஹபீபி குழு 2014-இல் கணினியில் போலச்செய்து காட்டியது. எல்லாவற்றையும் அதில் அடக்க முடியவில்லை.

2022-இல் நோகேராஸ்-லாரா குழு மையப் பகுதியிலுள்ள சஜிடேரியஸ் பி1 என்ற இடத்தில், உங்கள் கையில் இருக்கும் அதே கேலக்டிக்நியூக்ளியஸ் தரவை வைத்து, சுமார் ஒரு கோடி ஆண்டு வயதுள்ள பல லட்சம் சூரிய நிறை நட்சத்திரங்களைப் பிரித்தெடுத்தது. கொத்தாகக் கண்ணுக்குத் தெரியாது. கே பொலிவுப் பரவலில் ரெட் கிளம்ப் மேட்டின் உயரமும் அதற்கு மேலுள்ள எண்ணிக்கையும் வயதான கூட்டத்துக்குப் பொருந்தவில்லை, இளங்கூட்டத்தைச் சேர்த்தால் பொருந்துகிறது.

#16 நாள்மீன்

அப்படியானால் கரைந்த கொத்து ஒன்றை ஒரே திசையில் ஓடும் குழுவாகத் தன்னியக்கத்தில் தேடலாமா? கேலக்டிக்நியூக்ளியஸ் ஒரே காலம்தானே? இவை உள்ளே இறங்கி நடுக் கருந்துளையின் இளங்கூட்டமாகியிருக்க முடியாதா?

#17 இருமுனை

தேடலாம். 2008 நிக்மாஸ் படங்கள் முதல் காலம், கேலக்டிக்நியூக்ளியஸ் இரண்டாம் காலம், இடைவெளி 7 ஆண்டுக்கு மேல். இரண்டு கருவிகளின் உருக்குலைவும் வேறு வேறு என்பதால் முழுப் புலத்துக்கும் ஒரே உருமாற்றம் போடாமல், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்து 50 பின்னணி நட்சத்திரங்களை வைத்து உள்ளூரில் ஒட்டுங்கள். சூரியனின் ஓட்டத்தால் எல்லாமே ஆண்டுக்கு 6.4 மில்லி விகலை நகரும், உள்ளூர் ஒட்டலில் அது தானாகக் கழிந்துவிடும். வேகம், இடம், நிறமிகை மூன்றிலும் சேர்ந்து நெருங்கியவற்றைக் குழுவாக எடுங்கள். நிறமிகையை விட்டால் தூசி மேகத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை தற்செயலாகச் சேர்ந்து பொய்க்குழு வரும். பொய் எத்தனை என்று அறிய, வேகங்களை மட்டும் கலைத்துப் போட்டு அதே தேடலைப் பலமுறை ஓட்டுங்கள்.

உள்ளே இறங்குவது இந்த நிறைக்கு நடக்காது. 30 பார்செக்கிலிருந்து சில பத்து லட்சம் ஆண்டில் இறங்க 10 லட்சம் சூரிய நிறை அளவு வேண்டும். 20,000 உள்ள கொத்து அதற்கு முன்பே கரைந்துவிடும். நடுவில் 0.5 பார்செக்குக்குள் தட்டாகச் சுற்றும் அந்த இளம் நட்சத்திரங்கள் அங்கேயே, கருந்துளையைச் சுற்றிய வாயுத் தட்டில் பிறந்தவை என்று எடுப்பதே சரி.

#18 விகலை

நாள்மீன், குழு கிடைத்தால் நிறமாலைக்குப் போகும் முன் பாஸ்கென் ஆல்ஃபா பட்டியலோடு ஒரு முறை ஒத்துப் பாருங்கள். குழுவில் ஒரே ஒரு கோடு உமிழும் நட்சத்திரம் இருந்தால்கூட, எந்தக் குழுவுக்கு முதலில் நேரம் கேட்பது என்பதை அது முடிவு செய்துவிடும்.